எரிந்த தெருவில் காய்ச்சிய பால்

ஏப்ரல் 8, புதன்

காலை மைனஸ் இரண்டு. ஏப்ரல் என்று நாள்காட்டி மட்டும்தான் சொல்கிறது. பள்ளி பஸ்ஸின் கண்ணாடியைச் சுரண்டிச் சுரண்டி வலது தோள் போச்சு. இரட்டையர் இருவருக்கும் சளி, வரவில்லை. பஸ்ஸில் சத்தமே இல்லை. சத்தமில்லாத பஸ்ஸை ஓட்ட எனக்குப் பிடிப்பதில்லை.

பின்னேரம் ஹெலனின் ஃபோன். டவுன்ரவுனில் பழைய சந்தைக்குப் பக்கத்து மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிறவர். 25ஆம் திகதி சனிக்கிழமை அங்கே ஒரு விழாவாம். 1849இல் ரொறன்ரோவின் நடுப்பகுதி எரிந்ததே, அந்தத் தீக்குப் பிறகு ஊர் எப்படி எழும்பியது என்று ஒவ்வொரு சமூகமும் கால் மணி நேரம் ஏதாவது செய்து காட்ட வேண்டும். ஒரு குழு கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டது. போன வருடம் லைப்ரரியில் எங்கள் நாடகத்தைப் பார்த்தவர் ஹெலன். உங்களால் முடியுமா என்று கேட்டார். முடியும் என்று வாய் சொல்லிவிட்டது. என் வாயை நான் எப்போதும் பிறகுதான் எட்டிப் பிடிப்பது.

ஆள் பலம் எண்ணிப் பார்த்தேன். நான். ஜெயா அக்கா, இதே வோபர்ன் கட்டடத்தில் எனக்கு மேல் மாடி. அவருடைய மனிசன் தவம் அண்ணை. ரெஜினா, மன்னார்க்காரி, வெக்ஸ்போர்ட்டில் வீடு. அவ்வளவுதான். நாலு பேர் சேர்ந்து ஒரு நகரத்தை எரித்துத் திரும்பக் கட்ட வேண்டும்.

வாங்க: கார்ட்போர்ட், கறுப்புப் பெயின்ற், வெண்டைக்காய்.

மகள் அபி பேசினாள். கொண்டோ சாவி 30ஆம் திகதி கைக்கு வருகிறது. புது வீட்டுக் குடிபூரல் மே 4, திங்கள் காலை. லிஃப்ட் அன்றைக்குத்தான் புக் பண்ணக் கிடைத்ததாம். என் பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு வீடு. பன்னிரண்டாம் மாடி. ஃபோனை வைத்துவிட்டுச் சமையலறையில் ஒரு சின்ன ஆட்டம் போட்டேன். யாரும் பார்க்கவில்லை.

பால் காய்ச்ச ஜெயா அக்காவிடம் சொல்லியாயிற்று. மனிசனோடு நிறைவாக இருக்கிற மனிசி. என்ர மனிசன், இவர், செத்துப் போய் எட்டு வருடம். நான் அடுப்புக்கு முன்னால் போய் நிற்க முடியாது. பின்னால் நிற்பேன். பின்னால் நின்றாலும் பொங்குவது தெரியும்.

ஏப்ரல் 10, வெள்ளி

மழை. காலை ஓட்டம் முடிந்ததும் நேரே லைப்ரரி. தீயைப் பற்றி மூன்று புத்தகம், ஒரு படம் போட்ட கையேடு. யன்னலோரம் இருந்து வாசித்தேன். பக்கத்து மேசைக் கிழவர் நல்ல குறட்டை.

ஏப்ரல் மாதத்து இரவு. மரக் கடைகள், மரக் கூரைகள். காற்றில் பறந்த கங்கு தேவாலயக் கோபுரத்தில் பற்றி, கோபுரம் சரிந்தது. சந்தைப் பக்கமும் போயிற்று. பிறகு மரத்தை விட்டுச் செங்கல். புதிய தேவாலயம், புதிய மண்டபம். யார் கடை எரிந்தது, யார் என்ன கட்டினார்கள், எல்லாம் இருக்கிறது.

ஒன்று மட்டும் இல்லை. மறுநாள் காலை அந்தச் சனம் என்ன சாப்பிட்டது? மூன்று புத்தகத்திலும் தேடினேன். ஒருவரும் எழுதவில்லை. எழுதியவர்களுக்கு யாரோ காலைச் சாப்பாடு கொண்டுவந்து வைத்திருப்பார்கள், அதுதான்.

எனக்குத் தெரிய வேண்டியவை:
அடுப்பு யாரிடம் மிஞ்சியது.
பிள்ளைகளுக்குப் பால் எங்கே கிடைத்தது.
முதலில் சிரித்தது யார், எதற்காக.

கடைசிக் கேள்விக்குத்தான் நாடகம் எழுதப் போகிறேன். எரிந்த வீட்டைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. அழுகை எல்லோருக்கும் தெரியும். அதற்கு மறுநாள்தான் கதை.

கையேட்டில் ஒரு வரைபடம். எரிந்த இடத்துக்குச் சாம்பல் நிறம். விரலை வைத்துத் தெருத் தெருவாகப் போனேன். அபியின் கொண்டோ சாம்பல் நிறத்துக்குள் இருக்கிறது. பயப்படவில்லை. ஏனோ சந்தோசம் வந்தது. எரிந்து எழும்பின இடத்தில்தான் என் பிள்ளை கதவைத் திறக்கப் போகிறாள்.

வெண்டைக்காய் மறந்து போச்சு.

ஏப்ரல் 12, ஞாயிறு

வெயில், ஆனால் ஏமாற்று வெயில். ஜக்கெற் இல்லாமல் போய் விறைத்தேன்.

எங்கள் கட்டடத்துக் கீழ் மாடி ஹோலில் ஒத்திகை. கதை இதுதான்: துணி வெளுக்கிற ஒருத்தி, பெயர் பிரிட்ஜெற், கணவன் இல்லாதவள், வீடு எரிந்துவிட்டது. மறுநாள் சாம்பலுக்குள் கிளறித் தன் பாத்திரம் ஒன்றை எடுக்கிறாள். கடைசிக் காட்சியில் செங்கல் வீடு எழும்புகிறது. அந்த வீட்டில் அவள் எங்கள் ஆட்கள் மாதிரிப் பால் காய்ச்சுகிறாள். சரித்திரத்தில் இல்லைதான். இருந்திருக்க வேண்டும்.

பிரிட்ஜெற்: நான். தீயணைப்புத் தலைவர்: ரெஜினா, கையில் பெரிய மணி. வீட்டுக்காரச் சீமாட்டி: ஜெ. அக்கா. நடிக்கவே தேவையில்லை. தேவாலயக் கோபுரம்: த. அண்ணை, தலையில் கார்ட்போர்ட் கூம்பு. முதல் காட்சியில் சரிய வேண்டும், கடைசியில் செங்கல் நிறம் பூசின புதுக் கூம்போடு எழும்ப வேண்டும். சரியச் சொன்னால் மெதுவாகக் கதிரையில் குந்திவிடுகிறார். கேட்டால் கூம்பு பாரமாம். ஆடத் தெரியாதவன் மேடை கோணல் என்றானாம்.

பால் காட்சி வந்ததும் ஜெ. அக்கா கையை உயர்த்தினார்.

"வசந்தி, நான் சொல்லுறன் எண்டு குறை நினையாதேயும். பால் காய்ச்சிறதை நீர் செய்ய வேண்டாம்."

"நாடகம்தானே அக்கா."

"நாடகமெண்டாலும் பால் பால்தானே. நிறைகுடம் வைச்சு, விளக்குக் கொளுத்தி, உண்மையான பால். நான் செய்யிறன். நீர் பக்கத்தில நில்லும்."

ரெஜினா சிரித்துவிட்டாள். "அப்ப சீமாட்டி வந்து துணி வெளுக்கிறவளின்ர வீட்டில பால் காய்ச்சுறாவோ? எங்கட சேர்ச்சில இப்பிடி ஒருத்தரும் பாக்கிறேல்ல. அடுப்புக்குக் கிட்ட ஆர் நிக்கினமோ அவை காய்ச்சுவினம்."

"உங்கட முறை வேற, எங்கட முறை வேற."

த. அண்ணை கூம்புக்குள்ளிருந்து, "தேத்தண்ணி போட்டாச்சோ?" என்றார். அவரால்தான் ஜெ. அக்காவுக்கு அந்த உரிமை. அவருக்கு அது தெரியாது.

ஜெ. அக்காவில் கோபமில்லை. இவரைப் பறிகொடுத்த கிழமை முழுக்க எனக்குச் சோறு ஊட்டிய கை அது. ஓம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து காட்சியை மாற்றி எழுதினேன். சீமாட்டி மனம் திருந்தி வந்து பால் காய்ச்சுகிறாள். பிரிட்ஜெற் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வாசித்துப் பார்த்தேன். சப்பென்று இருக்கிறது.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருசப்பிறப்பு. பள்ளி இருந்தது, பஸ்ஸும் இருந்தது. கோயிலுக்குப் பின்னேரம்தான் போகக் கிடைத்தது. கார் நிறுத்த இடமில்லாமல் மூன்று சுற்று. பின்னால் வந்த காரில் ஒருவர்: "சாமி எங்கயும் ஓடாது, நீ மெதுவா நிப்பாட்டு." நியாயம்.

அபி சாப்பிட வந்தாள். பட்டு உடுத்து, காலில் ஸ்னீக்கர்ஸ். மாம்பழப் பச்சடி இரண்டு தரம் போட்டுக்கொண்டாள். லிஃப்ற்றில் ஜெ. அக்காவைக் கண்டிருக்கிறாள். அக்கா எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார்.

"அம்மா, நாடகத்தில நீங்கள்தானே மெயின் கரக்ரர். பிறகு ஏன் ஜெயா அன்ரி பால் காய்ச்சிறா?"

"அது வடிவாயிருக்கும்."

"அன்ட் என்ர வீட்டிலயும் ஜெயா அன்ரியாம். ஷீ டோல்ட் மீ. எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல."

சொல்லவில்லைதான். சொல்ல வேண்டியதாகவே எனக்குத் தோன்றவில்லை.

"எனக்கு நீங்கள் செய்தால் காணும், வேற ஒருத்தரும் வேண்டாம்" என்றாள்.

"முடியாது பிள்ளை."

"ஏன்?"

"முடியாதெண்டால் முடியாது."

கத்தியிருக்கக் கூடாது. பச்சடியை மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் பாத்திரம் கழுவினாள். எனக்குக் கோபம் வந்தால் கத்துவேன். அவள் கழுவுவாள். தகப்பன் மாதிரி.

இங்கே எழுதலாம், யார் வாசிக்கப் போகிறார்கள். முறை என்று சொல்வது பாதி. மீதி பயம். நாளைக்கு அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும், வேலையில் ஒரு கரைச்சல் வந்தாலும், என் கையால் காய்ச்சியதால்தான் என்று ஊர் சொல்லாது. நான் சொல்வேன். என் வாயை அடைக்க எனக்கு வழி தெரியாது.

அவளிடம் இதைச் சொல்லவில்லை. போகும்போது என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுத்தான் போனாள். பச்சடி ஒரு போத்தல் கொண்டுபோனாள்.

ஏப்ரல் 17, வெள்ளி

நல்ல வெயில். உண்மையான வெயில்.

பஸ்ஸில் வெளியேறும் பயிற்சி. வருடா வருடம் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டும். பஸ் தீப்பிடித்தால் பின்கதவால் எப்படி இறங்குவது. பையை விடு. தள்ளாதே. இருவர் இருவராக. என் பயிற்சிக் குரல் கேட்டால் பள்ளி முதல்வரே வரிசையில் நிற்பார்.

பிள்ளைகள் பேசியது:
"மிஸ், உண்மையான நெருப்பு வருமோ?"
"மிஸ், என்ர லஞ்ச் பையையும் விடோணுமோ? அதில பீட்ஸா இருக்கு."
"இவள் முதல்ல குதிச்சால் நான் குதிக்க மாட்டன்."

இரட்டையர் சுகமாகிவிட்டார்கள். பஸ் பழையபடி சந்தைக்கடை. நிம்மதி.

ஏப்ரல் 19, ஞாயிறு

மண்டபத்தில் மேடை ஒத்திகை. உயர்ந்த கூரை, பெரிய யன்னல்கள். மரத் தரை நடக்க நடக்கப் பேசுகிறது. ரெஜினா மணியை ஒருதரம் அடித்துப் பார்த்தாள். எங்கோ மேலே புறா பறந்தது.

ஹெலன் நல்ல மனிசி. மெல்லிய குரல், பெரிய கண்ணாடி. தீ பற்றிய விழா, மண்டபத்துக்குள் தீ கூடாது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நெருப்பு இல்லை, கரண்ட் அடுப்பு என்றேன். குத்துவிளக்குக்கும் பற்றரி. பாலை என்ன செய்வீர்கள் என்றார். சூடாக்குவோம் என்றோம். எவ்வளவு அழகு என்றார். ஒரு கோப்பைப் பாலைப் படுக்கைக்கு முன் சூடாக்குவது போல நினைத்திருப்பார் போலும். எங்களுக்கும் அதற்கு மேல் விளக்கத் தோன்றவில்லை. பால் காய்ச்சுவது என்றால் என்னவென்று எங்களில் யாரும் இதுவரை யாருக்கும் விளக்கியதில்லை.

த. அண்ணை இன்றைக்கு உண்மையாகவே சரிந்தார். எல்லோரும் கை தட்டினோம். பிறகு எழும்ப முடியவில்லை. ரெஜினாவும் நானும் தூக்கினோம்.

சப்பென்ற முடிவு இன்னும் சப்பென்றுதான் இருக்கிறது. ஜெ. அக்கா அகப்பையைச் செங்கோல் மாதிரிப் பிடிக்கிறார்.

அபி வருவாளா என்று கேட்கவில்லை. கேட்கப் பயம்.

ஏப்ரல் 25, சனி

சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

காலை காற்று. ஏரிப் பக்கமிருந்து நல்ல குளிர். மண்டபம் நிறைந்த சனம். பாதி எங்கள் ஆட்கள்; ஜெ. அக்கா ஸ்கார்பரோ முழுக்கச் சொல்லியிருக்கிறார். ரூஜிலிருந்து ஒரு வான் நிறைய வந்திறங்கினார்கள். மூன்றாம் வரிசையில் அபி. நான் பார்த்ததும் விரலை உயர்த்திக் காட்டினாள். அதற்குப் பிறகு நகரம் எரிந்தாலென்ன.

கோபுரம் வடிவாகச் சரிந்தது. ரெஜினாவின் மணிக்கு முன்வரிசைக் குழந்தை அழுதது. சாம்பலுக்குள் நான் சட்டியைக் கண்டெடுத்தபோது மண்டபம் கப்சிப். செங்கல் வீடு எழும்பியது. ஜெ. அக்கா பட்டுச் சேலைக்கு மேல் சீமாட்டித் தொப்பியோடு வந்து பாலை அடுப்பில் வைத்தார். நான் பக்கத்தில் நின்றேன், சொன்ன மாதிரி.

பால் சூடாகவில்லை.

வசனம் முடிந்தது. பால் அப்படியே கிடந்தது. ஜெ. அக்கா சிரித்த முகத்தோடு பல்லுக்குள்ளால், "கரண்ட் வருகுதோ பாரும்" என்றார். கோபுரம் திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்தது. ஏதோ விழுந்த சத்தம். ஜெ. அக்கா சனத்துக்கு ஒரு கும்பிடு போட்டு, அகப்பையை என் கையில் திணித்துவிட்டு அவரைத் தேடிப் போனார். மேடையில் நானும் சட்டியும்.

சனம் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஏதாவது பேச வேண்டும். பின்னால் என்னத்தைச் செருகினார்களோ, அடுப்பில் சிவப்பு விளக்கு வந்தது; அதைக் கடைசி வரைக்கும் திருகிவிட்டு, பிரிட்ஜெற் பேசுகிற மாதிரிப் பேசினேன். எழுதாத வசனம். மறுநாள் காலை பசித்தது என்றேன். வீடு போனபிறகும் பசிக்கிறதே என்று வெட்கமாக இருந்தது என்றேன். மனிசன் இருந்திருந்தால் பகிடி விட்டிருப்பான், நான் சிரித்திருப்பேன், ஆனால் பால் வாங்க அவனும் என்னைத்தான் அனுப்பியிருப்பான் என்றேன். எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். இவரைத்தான் சொல்கிறேன் என்று அபிக்குத் தெரியும். அவளைப் பார்க்காமல் பேசினேன்.

பேசுகிற மும்முரத்தில் சட்டியைப் பார்க்கவில்லை. பின்னால் யாரோ ஒரு அங்கிள் எழும்பி, "பிள்ளை, பால் வருது" என்றார். திரும்பினேன். விளிம்பு வரைக்கும் வந்துவிட்டது. அடுப்பைக் குறைக்கக் கை போனது. போன கை அப்படியே நின்றது. எட்டு வருடத்தில் நான் ஒரு பொங்கலையும் இவ்வளவு கிட்ட நின்று பார்க்கவில்லை. எங்கள் ஆட்கள் பாதிப்பேர் எழும்பி நின்று கை தட்டுகிறார்கள். பால் பொங்கி நாலு பக்கமும் வழிந்தது. நான் ஓவென்று சிரித்தேன்.

சூடான கம்பியில் பால். சீறிக்கொண்டு புகை. வடிவான, தடித்த, வெள்ளைப் புகை, நேரே கூரைக்கு.

அலாரம்.

ரெஜினா தன்னுடைய காட்சி வந்துவிட்டது என்று நினைத்துத் தானும் மணி அடித்தாள். சனம் இன்னும் பலமாகக் கை தட்டியது. எவ்வளவு தத்ரூபம் என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னது கேட்டது. ஹெலனின் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. அடுப்பை அணைத்தேன். பஸ் குரல் தானாக வந்தது. இருவர் இருவராக. பையை விடுங்கோ. தள்ளாதேங்கோ. ஓடாதேங்கோ. தமிழிலும் ஆங்கிலத்திலும். அந்த மண்டபம் என் பஸ் பிள்ளைகளைவிட ஒழுங்காக இறங்கியது. அபி கடைசி வரிசையைச் சரிபார்த்துக்கொண்டு வந்தாள். சின்னனில் என் பஸ்ஸில் பழகியது.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு வரச் சொன்னேன். கோபுரம் மட்டும் கேட்கவில்லை. தலையில் செங்கல் கூம்பு, கையில் துணி சுற்றிய பால் சட்டி, அரைவாசி மிஞ்சின பாலோடு த. அண்ணை படியிறங்கினார்.

தீயணைப்பு வண்டி இரண்டு. உயரமான தலைவர் ஒருவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, அடுப்பில் நின்றது யார் என்று கேட்டார். நான் வாயைத் திறக்க முதல் ஜெ. அக்கா முன்னால் வந்தார். தொப்பி கோணல்.

"நொட் மீ, சேர். நான் பக்கத்திலயும் இல்லை." என்னைப் பிடித்து முன்னால் விட்டார். "பால் காய்ச்சினது வசந்தி. எல்லாரும் கண்டவை. முழுக்க முழுக்க வசந்திதான்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னார் என்று அவருக்கே விளங்கியது. வாயில் கை வைத்தார். ரெஜினா நடைபாதையில் குந்திவிட்டாள், சிரிப்புத் தாங்காமல். அபி என் தோளில் முகத்தை வைத்து அழுகிற அளவுக்குச் சிரித்தாள். ஜெ. அக்காவும் சிரித்தார். தலைவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரும் சிரித்தார்.

ஒரு சேதமும் இல்லை. புகை வெளியேறும் மட்டும் தெருவில் நிற்கச் சொன்னார்கள். த. அண்ணை சந்தைப் பக்கக் கடையில் காகிதக் கோப்பையும் சீனியும், சட்டியில் கலக்க இன்னும் பாலும் வாங்கிவந்தார். நிற்கிற சனத்துக்கெல்லாம் வாய்க்கு ஒரு முடக்குப் பால். தீயணைப்புத் தலைவரும் குடித்தார். ஹெலனும். இரண்டாம் தரம் கேட்டார்.

அந்தத் தெருவும் எரிந்த தெருதான், வரைபடத்தில் சாம்பல் நிறம். அன்றைக்கு மறுநாள் என்ன சாப்பிட்டார்கள் என்று எனக்கு இன்னும் தெரியாது. எப்படி நின்றிருப்பார்கள் என்று இன்றைக்குத் தெரியும். குளிரில், கோப்பையைக் கைமாற்றிக்கொண்டு, தெரியாத ஆட்களோடு பேசிக்கொண்டு.

நித்திரை வராது போல. பரவாயில்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

தோள் நோவு. தொண்டை கட்டிவிட்டது. காலையிலிருந்து ஃபோன். ரூஜ்க்காரர் அடுத்தது எப்போது என்று கேட்கிறார்கள்.

ஹெலனிடம் மன்னிப்புக் கேட்க அழைத்தேன். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது, இனிக் கூப்பிட மாட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் சிரித்தார். வழிய விடுவதுதான் நோக்கம் என்று யாராவது சொல்லியிருக்கலாமே என்றார். நியாயமான கேள்வி. அடுத்த வருடமும் வர வேண்டுமாம். பால் மட்டும் தெருவில்.

பின்னேரம் ஜெ. அக்கா கீழே வந்தார். கையில் கத்தரிக்காய்க் குழம்பு. கதிரையில் இருந்தார், எழும்பினார், திரும்ப இருந்தார்.

"வசந்தி, ராத்திரி முழுக்க யோசிச்சன். பொலிஸ் வந்தால் மட்டும் நீர் காய்ச்சலாம், சாமி வந்தால் காய்ச்சக் கூடாதெண்டு நான் சொல்லேலாது."

"பொலிஸ் இல்லை அக்கா. ஃபயர்."

"ஆரோ ஒராள் யூனிஃபோமில. அபியின்ர வீட்டில நான் காய்ச்ச மாட்டன். சொல்லிப்போட்டன்."

"எனக்குப் பயமாயிருக்கக்கா."

முதல் தரம் வாய் விட்டுச் சொன்னேன். அக்கா குழம்பை என் பக்கம் தள்ளி வைத்தார்.

"நேற்று நீர் காய்ச்சினீர். இருநூறு பேர் நிண்டவை. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. மனிசனுக்கு முழங்கால் நோவும் இல்லையாம் இண்டைக்கு."

குழம்பு நல்ல ருசி. உறைப்புக் கொஞ்சம் கூட.

ஏப்ரல் 30, வியாழன்

மழை, பிறகு வெயில், பிறகு மழை. அபி சாவியின் படம் அனுப்பினாள். அவள் உள்ளங்கையில், சின்னச் சாவி.

கீழே ஒரு வரி: அம்மா, ஹூ இஸ் டூயிங் த மில்க்?

பஸ் நிறுத்தத்தில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் இரட்டையர் யார் முதலில் குதிப்பது என்று சண்டை. எல்லோரையும் இறக்கி முடித்த பிறகு எழுதினேன்: நான்.

உடனே பத்துப் பதினைந்து இதயம் வந்து விழுந்தது.

வாங்க: மண்சட்டி புதிது. மாவிலை. தேங்காய். பால், கொழுப்புக் கூடினது. துவாய்.

மே 4, திங்கள்

என் பஸ்ஸுக்கு மாற்று ஓட்டுநர். பிள்ளைகள் அவரைப் படுத்தாமல் இருக்க வேண்டும். படுத்துவார்கள்.

லிஃப்ற்றில் நிறைகுடம், சாமிப்படம், குத்துவிளக்கு, நாங்கள் ஐந்து பேர். ஆறாம் மாடியில் ஒரு வெள்ளைக்காரப் பையன் நாயோடு ஏறினான். நாய் தேங்காயை மணந்தது. ஜெ. அக்கா நாயோடு ஆங்கிலத்தில் பேசினார்.

வெறும் வீடு. வெயில் மட்டும் வந்து தரையில் கிடந்தது. யன்னலால் தேவாலயக் கோபுரம் தெரிகிறது, எரிந்த பிறகு கட்டினது. த. அண்ணை அதைப் பார்த்துத் தலையைத் தடவிக்கொண்டார்.

கிழக்கு எது என்று பெரிய வாக்குவாதம். ஜெ. அக்கா ஃபோனில் திசைகாட்டி வைத்துச் சுற்றினார். ரெஜினா: "சூரியன் உங்க நிக்குது, உதுக்கேன் ஃபோன்?" பால் கிழக்கே வழியட்டும் என்று சட்டியை அந்தப் பக்கம் ஒரு சொட்டுச் சரித்து வைத்தேன். கடவுளுக்கும் ஒரு கை கொடுக்க வேண்டும்.

கூரையில் புகை பார்க்கிற வட்டப் பெட்டி, அடுப்புக்குக் கிட்ட. அபி எல்லா யன்னலையும் திறந்தாள். கொண்டுவந்த ஒரேயொரு கதிரையைத் த. அண்ணை பிடிக்க, ஜெ. அக்கா பட்டுச் சேலையோடு அதில் ஏறி நின்று, வட்டப் பெட்டிக்குக் கீழே துவாயால் விசிறத் தொடங்கினார். பால் இன்னும் சூடாகவே இல்லை.

"இப்பவே ஏனக்கா?"

"நீர் காய்ச்சிறதெண்டால் நான் முதலே துவங்கோணும்."

அபி எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பின்னால் இல்லை. முன்னாலும் இல்லை. அவள் கை என் முழங்கையில். பயம் இருந்தது. போகவில்லை. சந்தோசம் அதைவிடப் பெரிசாக இருந்தது, அவ்வளவுதான்.

பால் நுரை கட்டியது. எழும்பியது. விளிம்புக்கு வந்தது. ஜெ. அக்காவின் துவாய் பறக்கிறது. "அம்மா, லோவாக்குங்கோ, அலாரம் அடிக்கப் போகுது" என்று அபி சிரித்துக்கொண்டு சொன்னாள்.

நான் குறைக்கவில்லை.